டிஃபென்சிவ் லைனில் யார் எப்போது இறங்குகிறார்: என்.எஃப்.எல் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

என்.எஃப்.எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் லீக்கைப் புதிதாகப் பார்க்கிறவர்களின் கண் பந்தின் பின்னாலேயே போகும். குவார்ட்டர்பேக் எறிகிறார், யாரோ தாவிப் பிடிக்கிறார், அடுத்த முயற்சிக்காகக் காத்திருக்கிறோம். அந்தச் சின்ன இடைவெளியில் தற்காப்பு அணியின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று பெரிய உருவங்கள் உள்ளே ஓடும். அதே எண்ணிக்கையில் சிலர் மூச்சிரைக்க வெளியே வருவார்கள். டிவியில் பெரும்பாலும் அது தெரியாது, ரீப்ளே ஓடிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், நான்காவது குவார்ட்டரில், அதாவது கடைசிக் கால்பகுதியில், ஆட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கான தடயம் அங்கேதான் இருக்கிறது.

கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்த ரூக்கியையும், பத்து வருடம் அடிபட்டு ஆடிய சீனியரையும் கோச்சுகள் எப்படிக் கலந்து இறக்குகிறார்கள், அதை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணங்களைப் பெரும்பாலும் பிலடெல்பியா ஈகிள்ஸிடமிருந்து எடுத்திருக்கிறேன். இந்தச் சுழற்சியை அவ்வளவு பிடிவாதமாக, வருடக்கணக்கில் நடத்திய அணி அது.

1. யார் எங்கே நிற்கிறார் என்று பழகுங்கள்

தாக்கும் அணிக்கு 4 டவுன், அதாவது 4 முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். சென்டர் பந்தைக் காலிடையே பின்னால் கொடுக்கும் கணம்தான் ஸ்னாப். ஒவ்வொரு முயற்சியையும் ஒரு ஸ்னாப் என்றே எண்ணுவார்கள்.

பந்துக்கு எதிரே குனிந்து நிற்கும் தற்காப்பு வரிசை டிஃபென்சிவ் லைன். நடுவில் சென்டருக்கு நேர் எதிரே நிற்பவர் நோஸ் டாக்கிள். வரிசையிலேயே கனமானவர் இவர், 150 கிலோ அளவில் இருப்பார். அவருக்குப் பக்கத்தில், எதிரணியில் சென்டருக்கு அடுத்து நிற்கும் கார்டுடைய வெளித்தோளைக் குறிவைத்து நிற்பவரை த்ரீ டெக்னிக் என்பார்கள். உள்ளே புகுந்து குவார்ட்டர்பேக்கின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பது அவர் வேலை. இரண்டு ஓரங்களிலும் எட்ஜ் ரஷர்கள். 110 முதல் 125 கிலோ, வேகம் அதிகம். அணிக்கு அணி அமைப்பு மாறும். இந்த மூன்று வகை உடம்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

2. ஏன் மாற்றுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு ஆட்டத்தில் தற்காப்பு அணி சுமார் 60 முதல் 70 ஸ்னாப் ஆடும். ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். ஆனால் அந்த விநாடிகளில் லைன்மேன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். குனிந்த நிலையிலிருந்து வெடித்து எழ வேண்டும். எதிரே 140 கிலோ ஆள் ஒருவர், பல சமயம் இருவர். கையால் அவர்கள் கையைத் தட்டிவிட்டு, இடுப்பைத் திருப்பிப் புகுந்து, பந்து வேறு பக்கம் போயிருந்தால் திரும்பி அங்கே ஓட வேண்டும். ஓடி முடித்ததும் நடந்து வந்து மறுபடியும் குனிய வேண்டும்.

கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: வேகப்பந்து வீச்சாளருக்கு ஸ்பெல் கொடுப்பது மாதிரிதான். முழு வேகத்தில் ஐந்து ஓவர் போட்டவரைக் கேப்டன் நிறுத்திவிட்டு, பிறகு தேவைப்படும் நேரத்தில் திரும்பக் கூப்பிடுவார். அதே கணக்கு இங்கேயும். என்.எஃப்.எல்லில் மாற்று வீரருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, வெளியே போனவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப வரலாம். அதனால் ஒருவர் 60 ஸ்னாப் ஆடிக் களைப்பதைவிட இரண்டு பேர் ஆளுக்கு 30 முழு மூச்சில் ஆடட்டும் என்று பல கோச்சுகள் நினைக்கிறார்கள்.

இதனால் ஸ்டார்ட்டர் என்ற பட்டத்துக்கு இந்த வரிசையில் மதிப்பு குறைவு. முதல் ஸ்னாப்பில் நிற்பவர் மொத்தத்தில் குறைவாக ஆடலாம். பெஞ்சிலிருந்து வருபவர்தான் முக்கியமான மூன்றாவது டவுன் எல்லாவற்றையும் ஆடியிருப்பார்.

3. டவுனையும் தூரத்தையும் வைத்து ஆளை ஊகியுங்கள்

பழகும்போது அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்பும் திரையின் கீழே பாருங்கள். முதல் டவுன், 10 யார்டு என்றால் எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடும், எறியவும் கூடும். அப்போது கனமான ஆட்கள் நிற்பார்கள். இரண்டாவது டவுன், 2 யார்டு என்றால் ஓட்டம் வரும் வாய்ப்பு அதிகம். இன்னும் கனமானவர்கள் வருவார்கள். மூன்றாவது டவுன், 9 யார்டு என்றால் எறிந்தே ஆக வேண்டிய நிலை. நோஸ் டாக்கிள் வெளியே ஓடுவார், வேகமானவர்கள் உள்ளே வருவார்கள்.

சில அணிகள் அந்த நேரத்தில் ஓர ஆட்களையே உள்ளே தள்ளி நிறுத்தும். நியூயார்க் ஜயண்ட்ஸ் இப்படி எட்ஜ் ரஷர்களை மட்டுமே வரிசையில் நிறுத்திய அமைப்புக்கு நாஸ்கார் என்றே பெயர் வந்தது, கார் பந்தயத்தின் பெயர். 2008 பிப்ரவரியில் நடந்த 42வது சூப்பர் பவுலில், அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தில், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை அவர்கள் 17-14 என்று வென்றபோது எதிரணி குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை 5 தடவை சாக் செய்தார்கள், அதாவது எறிவதற்கு முன்பே மடக்கி வீழ்த்தினார்கள். ஜயண்ட்ஸின் சீனியர் எட்ஜ் ரஷர் மைக்கேல் ஸ்ட்ரஹானுக்கு 15 சீசன் ஆடிய பிறகு அதுதான் கடைசி ஆட்டம். ஆனால் பேட்ரியாட்ஸ் கடைசியாகப் பந்தோடு முன்னேறப் பார்த்தபோது, நேரம் முடியப்போகும் தறுவாயில், நடுவே உடைத்துக்கொண்டு வந்து பிரேடியைக் கீழே தள்ளியவர் ஜே ஆல்ஃபர்ட். டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் ஒவ்வொருவராக வரிசையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட ரூக்கி. அவ்வளவு பெரிய பெயர்கள் இருந்த வரிசையில், அந்த நேரத்துக்கு அவரையும் நம்பி இறக்கியிருந்தார்கள்.

ஒரு ரூக்கியைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அவரை எந்த டவுனில் இறக்குகிறார்கள்? ஓட்டத்தைத் தடுக்கவா, குவார்ட்டர்பேக்கைத் துரத்தவா? முதல் வருடத்தில் பெரும்பாலும் ஒரே வேலைதான் கொடுப்பார்கள். இரண்டுக்கும் நிறுத்தத் தொடங்கினால் கோச் அவரை நம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

4. மாற்றும் முறையைக் கண்டுபிடியுங்கள்

பொதுவாக இரண்டு முறை. ஒன்று, நான்கு பேரையும் சேர்த்து மாற்றுவது. ஒரு அணி பந்தைக் கையில் வைத்துத் தொடர்ந்து ஆடும் ஸ்னாப்களைச் சேர்த்து ஒரு டிரைவ் என்பார்கள். முதல் குழு இரண்டு டிரைவ் ஆடும், மூன்றாவது டிரைவுக்கு இரண்டாம் குழு வரும். ஆட்கள் ஒருவருக்கொருவர் பழகியிருப்பார்கள் என்பது இதில் நன்மை. இன்னொன்று, ஒருவர் ஒருவராக மாற்றுவது. களைத்தவர் ஹெல்மெட்டின் உச்சியைக் கையால் தட்டுவார், "என்னை எடுங்கள்" என்று அர்த்தம். ஓரத்தில் தயாராக நிற்பவர் ஓடி வருவார். யார் போவது என்பதைப் பெரும்பாலும் தலைமைக் கோச் பார்ப்பதில்லை. லைனுக்கென்று இருக்கும் கோச்சின் பொறுப்பு அது. நல்ல லைன் கோச் தட்டுவதற்காகக் காத்திருக்க மாட்டார். பெருமைக்காகத் தட்டாமல் நிற்கும் சீனியர்களை அவருக்குத் தெரியும்.

5. ரூக்கியிடம் எதைப் பார்க்க வேண்டும்

ரூக்கிகளுக்கு உடல் பலம் குறைவு என்று நினைக்காதீர்கள். 2022 டிராஃப்டில் ஈகிள்ஸ் 13வது ஆளாக எடுத்த ஜோர்டன் டேவிஸ், தேர்வு முகாமில் 341 பவுண்டு எடையோடு, அதாவது சுமார் 155 கிலோவோடு, 40 யார்டை 4.78 விநாடியில் ஓடினார். அந்த உடம்புக்கு அது நம்ப முடியாத வேகம்.

குறைவது வேறு. கல்லூரியில் பலத்தாலேயே எல்லோரையும் தள்ளிவிட்டு வந்த பையனுக்கு எதிரே இப்போது பத்து வருட அனுபவமுள்ள கார்டு நிற்கிறார். கையை எங்கே வைப்பது, முதல் முயற்சி தோற்றால் அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எறிவதுபோலக் காட்டிவிட்டு ஓடுவது, ஓடுவதுபோலக் காட்டிவிட்டு எறிவது, ரஷர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டு அவர்கள் தலைக்கு மேல் பந்தைக் கடத்தும் ஸ்கிரீன் பாஸ் எல்லாமே ரூக்கியின் ஆர்வத்தைக் குறிவைத்தவை. சீனியர் ஒரு கணம் நின்று முகர்ந்து பார்ப்பார், ரூக்கி நேராகப் பாய்ந்துவிடுவார். அவர் விட்டுவிட்டு வந்த இடைவெளியில் எதிரணி 15 யார்டு ஓடிவிடும்.

டிவியில் இதைக் கவனிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்னாப்புக்குப் பிறகு ஓரிரு விநாடி ரூக்கியின் தோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எதிராளியின் தோளுக்குக் கீழே இருந்தால் அவர் வென்றுகொண்டிருக்கிறார். நிமிர்ந்துவிட்டால் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். களைப்பு வந்தால் முதலில் கெடுவதும் இந்தத் தோள் உயரம்தான். கை இடுப்பில், அடுத்த ஸ்னாப்புக்குக் குனிவதில் தாமதம், பந்து போன பக்கம் ஓடாமல் நடப்பது. இவற்றைப் பார்த்தால் அடுத்த ஸ்னாப்பில் மாற்று ஆளை எதிர்பார்க்கலாம்.

சீசனின் நீளமும் ஒரு விஷயம். கல்லூரியில் வழக்கமான சீசன் 12 ஆட்டம். இங்கே 3 முன்சீசன் ஆட்டம், பிறகு 17 ஆட்டம், அதற்கும் பிறகு பிளேஆஃப். நவம்பர் கடைசியில் ரூக்கியின் கால் கனக்கத் தொடங்கும். அதைத் தெரிந்த கோச்சுகள் செப்டம்பரிலேயே ஆட்டத்துக்கு 15, 20 ஸ்னாப் என்று அளந்து கொடுப்பார்கள்.

ஜேலன் கார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிராஃப்டில் 9வதாக ஈகிள்ஸுக்கு வந்தவர். திறமையில் வரிசையிலேயே அவருக்கு ஈடில்லை என்று பலர் சொன்னார்கள். அப்படியும் முதல் வருடத்தில் ஏறக்குறைய பாதி ஸ்னாப்தான் ஆடினார், அதிலேயே 6 சாக். மிச்சத்தை 2012லிருந்து அந்த அணியிலேயே இருந்த ஃபிளெட்சர் காக்ஸும் மற்றவர்களும் பகிர்ந்துகொண்டார்கள். 2024 மார்ச்சில் காக்ஸ் ஓய்வு பெற்றார். அந்த சீசனில் கார்ட்டரின் பங்கு சட்டென்று உயர்ந்தது. அதே டிராஃப்டில் 30வதாக வந்த நோலன் ஸ்மித்துக்கு இன்னும் கடினமான வரிசை: ஹாசன் ரெடிக், ஜாஷ் ஸ்வெட், பிராண்டன் கிரஹாம் என்று மூன்று பேருக்குப் பின்னால் நின்றார். முதல் வருடத்தில் ஒரே ஒரு சாக். அதை வைத்து அவரைக் கைவிட்டவர்கள் அடுத்த வருடம் பார்த்தது 6.5 சாக், பிளேஆஃப்பில் மேலும் 4. ரூக்கியின் முதல் வருட எண்ணைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், அவருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

6. சீனியரின் பக்கம்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது பிராண்டன் கிரஹாமின் 2022 சீசன். முந்தைய வருடம் இரண்டாவது வாரத்திலேயே அக்கிலிஸ் தசைநார் கிழிந்து வெளியே போனவர். 34 வயது. அந்த வயதில் அந்தக் காயத்திலிருந்து திரும்பி வருவதே பெரிய விஷயம். முன்புபோல அதிக ஸ்னாப் ஆடாமல், பெஞ்சிலிருந்து வந்து போகும் பங்கை ஏற்றுக்கொண்டார். விளைவு 11 சாக், அவர் வாழ்க்கையிலேயே அதிகம். அதற்கு முன் ஒரு சீசனில்கூட அவர் இரண்டிலக்கம் தொட்டதில்லை. குறைவாக ஆடினார், ஆடிய ஒவ்வொன்றிலும் காலில் வலு இருந்தது.

அந்த வருடம் ஈகிள்ஸ் மொத்தம் 70 சாக் எடுத்தது. 1984 சிகாகோ பேர்ஸின் 72 என்ற சாதனைக்கு இரண்டே குறைவு. ரெடிக் 16, கிரஹாம், ஸ்வெட், ஜாவோன் ஹார்கிரேவ் ஆளுக்கு 11. ஒரே அணியில் நான்கு பேர் இரண்டிலக்கம் தொட்டது லீக் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

அதே சீசனில் சுழற்சி உடைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அக்டோபர் கடைசியில் ரூக்கி டேவிஸுக்குக் கணுக்கால் சுளுக்கு. அவர் இல்லாத வரிசையின் நடுவே எதிரணிகள் ஓடத் தொடங்கின. நவம்பர் 14 அன்று, அதுவரை 8 ஆட்டமும் வென்றிருந்த ஈகிள்ஸை வாஷிங்டன் 32-21 என்று வீழ்த்தியது. வாஷிங்டன் விடாமல் ஓடி ஓடியே 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கும் மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தற்காப்பு வரிசைக்கு மூச்சு விடவே நேரமில்லை. அந்த வாரமே, எந்த அணியிலும் இல்லாமல் இருந்த இரண்டு சீனியர்களை ஈகிள்ஸ் சேர்த்தது: 34 வயது லின்வல் ஜோசஃப், 35 வயது டமுகாங் சூ. முழு ஆட்டம் ஆட அவர்களைக் கூப்பிடவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் ஸ்னாப், நடுவை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். டேவிஸ் குணமாகி வந்த பிறகும் அந்த சீசனில் அவருடைய பங்கு சிறியதாகவே இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சீனியரை இறக்கிவிட்டு ரூக்கிக்கு இடம் கொடுக்க பிளேஆஃப் நெருங்கும் நேரத்தில் எந்தக் கோச்சும் அவசரப்பட மாட்டார்.

7. எதிரணி இதை எப்படிக் கெடுக்கிறது

தாக்கும் அணி ஆள் மாற்றினால், தற்காப்பு அணிக்கும் மாற்ற நேரம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தாக்கும் அணி யாரையும் மாற்றாமல், கூடிப் பேசாமல், உடனே வரிசைக்கு வந்து நின்றால் அந்தக் கட்டாயம் இல்லை. அப்போது உள்ளே மாட்டியிருப்பவர் மாட்டியவர்தான். 150 கிலோ நோஸ் டாக்கிள் தொடர்ந்து ஆறு ஏழு ஸ்னாப் ஓட வேண்டியிருக்கும். துணிந்து ஆளை மாற்றப் பார்த்து, 12வது ஆள் வெளியேறுவதற்குள் ஸ்னாப் வந்துவிட்டால் 5 யார்டு அபராதம். குவார்ட்டர்பேக் அவசரமாகக் கையை ஆட்டி எல்லோரையும் வரிசைக்குக் கூப்பிட்டால், எதிரே நடுவில் யார் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று பாருங்கள். அவர் நிற்கும் இடத்தின் வழியாகவே அடுத்த ஓட்டம் வரலாம்.

8. நான்காவது குவார்ட்டரில் கணக்குத் தீரும்

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், 52வது சூப்பர் பவுல். ஈகிள்ஸின் தற்காப்பை நடத்தியவர் ஜிம் ஷ்வார்ட்ஸ். எட்டுப் பேர் வரை மாற்றி மாற்றி இறக்கும் பழக்கம் உள்ளவர். அன்று பிரேடி 500 யார்டுக்கு மேல் எறிந்துவிட்டார். அதுவரை ஈகிள்ஸால் அவரை ஒரு தடவைகூட சாக் செய்ய முடியவில்லை. கடைசியில் ஈகிள்ஸ் 38-33 என்று முன்னிலையில் இருக்க, பிரேடி கையில் பந்து, இரண்டே கால் நிமிடம் பாக்கி. இந்த மாதிரி நிலையிலிருந்து அவர் எத்தனை ஆட்டத்தை வென்றிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வழக்கமாக ஓரத்தில் நிற்கும் கிரஹாமை அந்த ஸ்னாப்பில் உள்ளே, வலது கார்டு ஷாக் மேசனுக்கு எதிரே நிறுத்தினார்கள். கிரஹாம் கனம் குறைந்தவர், ஆனால் கார்டைவிட வேகமானவர். மேசனின் தோளைத் தாண்டிப் புகுந்து, பிரேடி எறியக் கையை எடுக்கும் கணத்தில் பந்தைத் தட்டிவிட்டார். தரையில் பட்டுத் துள்ளிய பந்தைப் பிடித்தவர் டெரிக் பார்னெட், 2017 டிராஃப்டில் 14வதாக எடுக்கப்பட்ட ரூக்கி. எட்டாவது சீசன் ஆடுகிறவர் தட்ட, முதல் சீசன் ஆடுகிறவர் பிடித்தார். அந்த ஆட்டம் முழுக்க விழுந்த ஒரே சாக் அதுதான். 41-33 என்று ஈகிள்ஸ் முதல் சூப்பர் பவுலை வென்றது.

சுழற்சி எப்போதும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். 70 சாக் எடுத்த அதே 2022 அணி, சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக ஒரு சாக்கூட எடுக்காமல் 38-35 என்று தோற்றது. இரண்டு வருடம் கழித்து அதே சீஃப்ஸை 40-22 என்று வென்றபோது 6 சாக். அதுவும் ஒரு தடவைகூட பிளிட்ஸ் செய்யாமல், அதாவது லைனுக்கு உதவியாகக் கூடுதல் ஆளை அனுப்பாமல். அதில் 2 சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸ், அந்த சீசனில் பாதி அளவு ஸ்னாப்தான் ஆடியவர். அடுத்த மாதமே பேட்ரியாட்ஸ் அவரை 4 வருடத்துக்கு 10.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. பகுதி நேரமாக ஆடுபவர் என்று லீக்கில் யாரும் அவரைக் குறைத்து எடை போடவில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. லாஸ் வேகஸ் ரெய்டர்ஸில் மேக்ஸ் கிராஸ்பி பல ஆட்டங்களில் கிட்டத்தட்ட எல்லா ஸ்னாப்பும் ஆடியிருக்கிறார். ஓய்வு பெறும் வரை ஆரன் டோனல்டை வெளியே எடுக்க ராம்ஸ் கோச்சுகளுக்கு மனம் வந்ததில்லை. அப்படிப்பட்டவர் இருக்கும் அணியில் மற்ற மூன்று இடத்தின் சுழற்சியைக் கவனியுங்கள்.

9. அடுத்த ஆட்டத்தில் இதைச் செய்து பாருங்கள்

ஒரே ஒரு அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 53 பேர் கொண்ட அணியில் ஆட்ட நாளன்று 48 பேர் வரைதான் ஆட முடியும். யார் ஆடவில்லை என்ற பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும். அதில் லைன்மேன்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாலே அன்றைக்குக் கோச் ஓட்டத்துக்குப் பயப்படுகிறாரா, எறிவதற்குப் பயப்படுகிறாரா என்று பாதி தெரிந்துவிடும். கனமானவர்களை வைத்துக்கொண்டு இளம் ரஷரை வெளியே விட்டிருந்தால் ஓட்டத்துக்கு.

அப்புறம் ஒரு ரூக்கி, ஒரு சீனியர் என்று இரண்டு ஜெர்சி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, முதல் குவார்ட்டரில் அவர்கள் எந்த டவுனில் உள்ளே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். பந்தைப் பார்க்க வேண்டாம், ரீப்ளேயில் அது எப்படியும் வரும். நான்காவது குவார்ட்டரில் மறுபடியும் அதே இரண்டு எண்களைத் தேடுங்கள். மறுநாள் லீக்கே ஒவ்வொருவரும் ஆடிய ஸ்னாப் எண்ணிக்கையையும் சதவீதத்தையும் வெளியிடும். உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில வாரம் இதைத் தொடர்ந்தால், அந்த ரூக்கியின் சதவீதம் ஏறுகிறதா, எந்த வாரத்தில் சரிகிறது, அந்த வாரம் சீனியருக்கு எத்தனை ஸ்னாப் கூடியது என்பதெல்லாம் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.